புளிக்காய்ச்சலில் இரும்பு

என் புளிக்காய்ச்சலில் இரும்பு இருக்கிறது என்று ஒருநாள் காலையில் ஒரு பெண் தொலைபேசியில் சொன்னார். முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. "எந்தப் பெட்டியில்?" என்று கேட்டேன். "எல்லாப் பெட்டியிலும்" என்றார். அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. என் கோபத்தைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அது வந்தால் சாமான் செட்டோடு வந்து குடியேறும்.

இரண்டாயிரம் பிறந்த புதிது அது. புனேயில், தாபோடியில் எங்கள் வீடு. என் கணவரும் அவருடைய அண்ணனும் ராணுவத் தளவாட வேலையில் இருந்தார்கள். நானும் அந்த அண்ணனின் மனைவியும் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுப் பருப்புப்பொடி, இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல் என்று செய்து விற்றுவந்தோம். ஓரகத்தி என்றால் சண்டைதான் என்று எல்லோரும் நினைப்பார்கள். நாங்கள் சண்டை போட்டதே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுப்பு அவர் இலாகா, வெளியுலகச் சண்டை என் இலாகா என்று பிரித்துக்கொண்டதால் பிழைத்தோம். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

அக்கா பிறந்து வளர்ந்தது பக்கத்துக் கட்கியில். அவருடைய அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், பூர்வீகம் வேலூர்ப் பக்கம். அக்காவின் தமிழில் பாதி இந்தி, கொஞ்சம் மராத்தி, மிச்சம் வடாற்காடு. நான் திருச்சிக்காரி. நான் "சொல்லுங்க" என்றால் அவர் "இன்னாத்த போலுறது" என்பார். ஆனால் புளிக்காய்ச்சல் இறக்குகிற பதம் மட்டும் அவர் கைக்குத்தான் தெரியும். எண்ணெய் பிரிந்து மேலே மினுமினுக்கிற அந்த ஒரு நிமிஷத்தை அவர் மூக்கால் கண்டுபிடிப்பார்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. சமைத்தது எதுவும் வெறுமனே வீட்டுப்படி தாண்டக்கூடாது. புனே கேம்ப் பகுதியில் இருக்கிற உறவுக்காரர் வீட்டுக்குக் கறிக்குழம்பு கொண்டுபோனால் தூக்குவாளியின் மூடிமேல் ஒரு கரித்துண்டு உட்கார்ந்திருக்கும். வழியில் காத்து கருப்பு அண்டாமல் இருக்க. பௌதிகத்தில் பட்டம் வாங்கிய நான் அதைப் பார்த்துச் சிரிப்பேன். அவர் நான் சிரிப்பதைப் பார்த்துச் சிரிப்பார்.

சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து, கூட்டாக வீடு எடுத்துத் தங்கிய பிள்ளைகள்தான் எங்கள் முதல் வாடிக்கைக்காரர்கள். அவர்களுக்குச் சோறு வடிக்கத் தெரியும், அதற்குமேல் தெரியாது. ஒருவர் சொல்லி ஒருவர் வந்து, கடைசியில் பிம்ப்ரி பக்கத்தில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் காதுக்கும் எங்கள் விஷயம் போனது. வளைகுடா நாடுகளுக்குச் சாப்பாட்டுச் சாமான் அனுப்புகிறவர்கள். மாதிரிக்குக் கொஞ்சம் பெட்டிகள் அனுப்பச் சொன்னார்கள். இது நடந்தால் கொட்டகையை விட்டு வெளியே வந்து முறையான ஓர் இடம் பிடிக்கலாம், இன்னும் நாலு பெண்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நாங்கள் கனவு கண்டுகொண்டிருந்தபோதுதான் அந்தத் தொலைபேசி வந்தது. பொடிப் பெட்டிகள் எல்லாம் தேறிவிட்டன. புளிக்காய்ச்சல் பெட்டி ஒன்றுகூடத் தேறவில்லை.

சரக்கு திரும்பி வந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். சாப்பாட்டில் இரும்பு கலந்தவர்கள் என்று பெயர் வந்தால் அந்தப் பிள்ளைகளும் வாங்க மாட்டார்கள். அதனால் அன்றைக்கே புடவையை மாற்றிக்கொண்டு லோக்கல் ரயிலைப் பிடித்தேன்.

தொலைபேசியில் பேசிய பெண்தான் தரம் பார்க்கிற அதிகாரி. என்னைவிட இளையவர், மராத்திக்காரர், தலையில் வலைத்தொப்பி. நாங்கள் இந்தியில்தான் பேசினோம். "இரும்பை எடுத்துக் காட்டுங்க" என்றேன்.

"மேடம், மிஷின் பொய் சொல்லாது."

"நான் மட்டும் சொல்வேனா?"

அவர் வாதாடவில்லை. ஒரு பெட்டியைப் பிரித்து, ஒரு பாக்கெட்டை வெட்டி, தட்டில் பரப்பி, காந்தத்தை மேலே நகர்த்திக் காட்டினார். ஒன்றும் ஒட்டவில்லை. நான் அவரைப் பார்த்த பார்வையில் வெற்றி தெரிந்திருக்க வேண்டும். "எவர்சில்வர் துணுக்கா இருந்தா காந்தத்துல ஒட்டாது மேடம்" என்றார். அது உண்மை. எனக்கும் தெரிந்த உண்மை. வாயை மூடிக்கொண்டு, அந்த மிஷினையாவது காட்டுங்கள் என்றேன்.

நான் ஏதோ பிரம்மாண்டமாக எதிர்பார்த்தேன். இருந்தது ஓடுகிற ஒரு பட்டை, அதன் நடுவில் பட்டையைச் சுற்றி ஒரு சதுர வாசல், அவ்வளவுதான். பெட்டி அந்த வாசலுக்குள் நுழைந்து மறுபக்கம் வரும். குற்றமில்லை என்றால் நேரே போகும். குற்றம் என்றால் ஊதல் அடிக்கும், பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு பெட்டியைக் கூடையில் தள்ளும். அதைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் நடுவயதுக்காரர், பேச ஆள் கிடைத்தால் விடாத ரகம். நான் கேட்கக் கேட்கச் சொன்னார்.

அந்த வாசலுக்குள் மூன்று கம்பிச் சுருள்கள் ஒளிந்திருக்கின்றன. நடுச் சுருளில் மின்சாரம் இடைவிடாமல் முன்னும் பின்னும் ஓடி, சுற்றிலும் ஒரு காந்தப் புலத்தைத் துடிக்க வைக்கிறது. இரண்டு பக்கத்துச் சுருள்களும் காதுகள். இரண்டும் ஒரே அளவு கேட்கும்படி வைத்து, ஒன்றின் கணக்கை மற்றதிலிருந்து கழித்துவிடுகிறார்கள். தராசின் இரண்டு தட்டும் சமமாக நிற்பது போல. ஓர் உலோகத் துண்டு உள்ளே வந்தால் முதலில் ஒரு காதுக்கு அருகில் வருகிறது, அப்போது தராசு சாய்கிறது. அந்தச் சாய்வுதான் ஊதல்.

"இரும்பு சுலபமா மாட்டும். அது காந்தப் புலத்தைத் தன் பக்கம் இழுக்கும்" என்றார் மெக்கானிக். "செம்பு, பித்தளை, அலுமினியம் இழுக்காது. ஆனா அதுக்குள்ளேயே சின்னச் சின்ன மின்சாரம் சுழல ஆரம்பிச்சு, எதிர்த்துத் தள்ளும். அதையும் கேட்டுடலாம். ரொம்பப் படுத்துறது எவர்சில்வர்தான். இழுக்கவும் மாட்டேங்கும், சரியாத் தள்ளவும் மாட்டேங்கும்."

கல், கண்ணாடி, தலைமுடி, பிளாஸ்டிக் எதுவும் அதற்குத் தெரியாது. மெல்லிய எவர்சில்வர் கம்பி பட்டையோடு நீளவாக்கில் வந்தால் சில நேரம் தப்பிவிடும், குறுக்காக வந்தால் மாட்டிக்கொள்ளும். அலுமினியத் தாள் பையில் போட்டுக் கொடுத்தால் பையையே உலோகம் என்று கத்தும். வெள்ளிப் பாக்கெட்தான் பார்க்க அழகு என்று அக்கா அடம்பிடித்தபோது நிறுவனம் ஏன் வேண்டாம் என்றது என்பது அப்போதுதான் விளங்கியது. நான் தலையை ஆட்டிக்கொண்டே கையை வாசல் பக்கம் நீட்ட, என் தங்க வளையலுக்கு ஒரு ஊதல் கிடைத்தது. அதிகாரி முதல் தடவையாகச் சிரித்தார்.

திரும்பும்போது ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பொடி தேறியது, புளிக்காய்ச்சல் தேறவில்லை. இரண்டுக்கும் ஒரே வாணலி, ஒரே கரண்டி, ஒரே உப்பு, பாக்கெட் ஒட்டுவதும் ஒரே கருவி. கரண்டியிலிருந்து துணுக்கு உதிர்ந்திருந்தால் பொடியிலும் விழுந்திருக்கும். அப்படியே விழுந்தாலும் ஒரு பெட்டியில் விழலாம், இரண்டில் விழலாம். பெட்டி தவறாமல் அளந்து போட்ட மாதிரியா விழும்? வித்தியாசம் ஒன்றுதான். பொடி காய்ந்தது, புளிக்காய்ச்சல் ஈரம். காசர்வாடி தாண்டும்போது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்லூரியில் முதல் வருஷம் உப்புத் தண்ணீரில் இரண்டு கம்பியை நுழைத்து விளக்கு எரிய வைத்திருக்கிறேன். ஈரமும் உப்பும் புளியும் சேர்ந்தால் மின்சாரம் ஓடும். ஒரு பெட்டி நிறைய அது இருந்தால், ஒரு துளி உலோகம் செய்கிற வேலையை அந்த மொத்தமும் சேர்ந்து செய்துவிடும். அந்த மிஷின் கேட்டது இரும்பை இல்லை, எங்கள் கல்லுப்பை!

வாய்விட்டே கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன். எதிரில் இருந்த அம்மாள் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் பாக்கெட்டுகளில் தண்ணீர் நிரப்பத் தொடங்கினேன். ஒரு பெட்டிக்கு வெறும் குழாய்த் தண்ணீர், இன்னொரு பெட்டிக்குக் கல்லுப்பைக் கரைத்த தண்ணீர். அக்கா கையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இன்னா பண்ற? இனிமே உப்புத்தண்ணி விக்கப் போறியா?"

"நாளைக்குத் தெரியும், பாருங்க."

"பாகல் ஹோ கயி, பைத்தியம் புடிச்சிச்சு" என்று தன் கணவரிடம் சொல்லிவிட்டு, கூட உட்கார்ந்து அவரும் நிரப்பினார்.

மறுநாள் அந்தப் பட்டைக்கு முன்னால் நான் நின்ற மாதிரி என் கல்யாணத்தில்கூட நின்றதில்லை. குழாய்த் தண்ணீர்ப் பெட்டி சத்தமில்லாமல் போனது. உப்புத் தண்ணீர்ப் பெட்டி வாசலில் நுழைந்ததோ இல்லையோ, ஊதல் அலறியது, கை வந்து தள்ளியது. நானே கூடையிலிருந்து எடுத்து, ஒரு பாக்கெட்டைக் கிழித்து, தண்ணீரை அதிகாரியின் முன்னால் தட்டில் ஊற்றினேன். "இதுல எங்கேம்மா இரும்பு?" என்றேன். பௌதிகப் பட்டத்தை வாங்கிப் பெட்டியில் வைத்ததற்கு அன்றுதான் வேலை வந்தது. எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்றால், அந்த மிஷினையே கட்டிக்கொண்டிருப்பேன், வளையல் மட்டும் இல்லாவிட்டால்.

மெக்கானிக் நெற்றியில் தட்டிக்கொண்டார். அங்கே அதுவரை ஓடியது எல்லாம் அப்பளம், அரிசி, மசாலா என்று காய்ந்த சரக்கு. ஈரச் சரக்குக்கு மிஷினைத் தனியாகப் பழக்க வேண்டும் என்றார். உப்பு ஈரத்தின் சலனம் ஒரு தாளத்தில் வருகிறது, உலோகத்தின் சலனம் வேறு தாளத்தில் வருகிறது. சுத்தமான பெட்டிகளைத் திரும்பத் திரும்ப உள்ளே அனுப்பி, இந்தத் தாளம் சாப்பாடு, இதைக் கண்டுகொள்ளாதே என்று மிஷினுக்குச் சொல்லித்தர முடியும். சொல்லித்தந்தார். எங்கள் பெட்டிகள் வாயைத் திறக்காமல் போயின. சின்ன உலோக உருண்டை பொதிந்த சோதனைக் குச்சியைப் பெட்டிக்குள் வைத்தபோது மட்டும் ஊதல் வந்தது. எவர்சில்வர் துணுக்கு கொஞ்சம் பெரிதாக இருந்தால்தான் கேட்கும் என்று அவரே ஒப்புக்கொண்டார். அன்றைக்கே எங்கள் கரண்டிகளை ஒதுக்கிவிட்டு மர அகப்பைக்கு மாறுவதாக வாக்குக் கொடுத்தேன்.

வேலை முடிந்தது என்று நினைத்தேன். அதிகாரி கையெழுத்துப் போடவில்லை.

"மேடம், உங்க சரக்குல தப்பில்லைன்னு ஒத்துக்கறேன். ஆனா இப்ப மிஷினோட காதை அடைச்சிருக்கோம். உங்க சரக்கு கேட்காத மாதிரி அடைச்சோம். நிஜமா இரும்பு வந்தா கேட்குமா?"

"குச்சியை வச்சுக் கேட்டுச்சே?"

"குச்சியை நாமே வைக்கறோம், எங்கே இருக்குன்னு நமக்குத் தெரியுது, சத்தம் வர்ற வரைக்கும் திருகறோம். அது பரீட்சையா?"

எரிச்சலாக இருந்தது. அவர் சொன்னது சரியாக இருந்ததால் எரிச்சல் அதிகமாக இருந்தது. முழுச் சரக்கையும் கொண்டுவாருங்கள், ஓட்டிப் பார்க்கிறேன், எனக்கு நம்பிக்கை வந்தால் போடுகிறேன், ஒரு பெட்டி தள்ளப்பட்டாலும் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்றார். சரி என்றேன். வேறு வழி?

அந்த முழுச் சரக்குக்காக நாங்கள் உழைத்த உழைப்பைச் சொன்னால் பெருமை அடிப்பது போல இருக்கும். பெருமைதான், அடிக்கிறேன். கட்கி பஜாரில் ஒவ்வொரு கடையாக ஏறி நல்ல நல்லெண்ணெய் தேடினோம். புளியை விரலால் தடவிக் கோதும் ஓடும் எடுத்தோம். வளையல், மோதிரம், ஊக்கு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் கொட்டகைக்குள் நுழைந்தோம். அக்கா ஊக்கு இல்லாமல் முந்தானையைச் செருகிக்கொண்டு, "ஒரு சோத்து மிக்ஸுக்கு இவ்ளோ நாடகமா" என்று என்னைத் திட்டிக்கொண்டே கிண்டினார். பெட்டிகளை அவர்தான் அடுக்கி ஒட்டினார்.

டெம்போவில் சரக்கோடு இருவரும் போனோம். அக்கா பட்டுப்புடவை கட்டியிருந்தார். பெட்டிகள் ஒவ்வொன்றாக ஏறின. வாசலில் நுழைந்தன, வெளியே வந்தன. ஊதல் இல்லை. எனக்கு மூச்சு சீராக வர ஆரம்பித்தது. பாதிக்கு மேல் போயிருக்கும். மெக்கானிக் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். அப்போது ஊதல் அலறியது. கை நீண்டு ஒரு பெட்டியைக் கூடையில் தள்ளியது.

அதிகாரி கூடையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மெக்கானிக் இரக்கப்பட்டு, "பட்டை அதிர்ந்திருக்கும், இன்னொரு தரம் விடலாம்" என்றார். விட்டார். மறுபடியும் ஊதல். "கொஞ்சம் காதைக் குறைச்சு வைக்கட்டுமா?" என்று என் பக்கம் குனிந்து கேட்டார்.

எனக்கு அதே கோபம் வந்தது. இந்தத் தடவை மிஷினுக்காக வந்தது. உப்பையும் இரும்பையும் பிரித்துப் பார்க்க அதற்குச் சொல்லித்தந்தாயிற்று, மற்ற பெட்டிகளைச் சத்தமில்லாமல் விட்டதும் அதுதான். இப்போது கத்துகிறது என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. "ஒண்ணையும் குறைக்க வேண்டாம். பெட்டியைப் பிரிங்க" என்றேன். போனால் போகட்டும் என்று இருந்தது, பொய்யாகத் தேறுவதைவிட.

அதிகாரி நாடாவைக் கிழித்துப் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். எல்லாம் ஒட்டியது ஒட்டியபடி இருந்தன. நடுவில், பாக்கெட்டுகளுக்கு இடையில், மஞ்சள் துணியில் ஒரு சின்ன முடிச்சு. அவிழ்த்தார். ஒரு கரித்துண்டு, ஒரு காய்ந்த மிளகாய், செருப்புக்கு அடிக்கிற அளவில் ஓர் இரும்பாணி.

நான் திரும்பி அக்காவைப் பார்த்தேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"கடல் தாண்டிப் போவுதே... வீட்டு வாசல் தாண்டறதுக்கே கரி வெப்போம், இவ்ளோ தூரத்துக்கு வெறும் கரி போதுமான்னு ஆணியும் வெச்சேன். எல்லாப் பெட்டிக்கும் சேத்து ஒரே பெட்டியில. பாக்கெட் உள்ள வெக்கல, சத்தியமா."

"அக்கா!" என்றேன். வளையலையும் ஊக்கையும் கழற்றி வைத்துவிட்டு ஆணியை எடுத்து உள்ளே வைத்த மனுஷியை என்ன சொல்லித் திட்டுவது?

அதிகாரி ஆணியை விரலால் பிடித்துப் பார்த்தபடி, இது என்ன என்று மராத்தியில் கேட்டார். அக்கா மராத்தியிலேயே சொன்னார், கட்கியில் பிறந்தவர் இல்லையா. அதிகாரி தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா நானே பிடுங்கி எறிஞ்சிருப்பேன்."

மெக்கானிக்கைக் கேட்டார். அவர் இரண்டு காதையும் தொட்டு, தெரியாது என்றார். ஆணியை வெளியே வைத்துவிட்டு, கரியும் மிளகாயும் மட்டும் உள்ளே இருக்கப் பெட்டியைத் திரும்ப அடுக்கி, அவரே பட்டையில் ஏற்றினார். சத்தமில்லாமல் போனது. ஆணியைப் போட்டார், ஊதல். எடுத்தார், அமைதி. மீதிப் பெட்டிகளை ஓட்டச் சொன்னார். கடைசிப் பெட்டி வரை மிஷின் வாயைத் திறக்கவில்லை.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். வலைத்தொப்பி நழுவுகிற அளவுக்குச் சிரித்தார். "நான் கேட்டது இந்தப் பரீட்சைதான் மேடம். யாருக்கும் தெரியாத இரும்பு, இவ்வளவு உப்புக்கு நடுவுல. கண்டுபிடிச்சிடுச்சே!" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமே இல்லாமல் துடைத்துக்கொண்டேன். அக்கா முந்தானையை இறக்கிவிட்டு நிமிர்ந்து நின்றார். இதுவரை குற்றவாளியாக நின்றவர் இவர்தானா என்று இருந்தது.

"பாத்தியா? காவலுக்குத்தான் வெச்சேன், காவல் காத்துச்சா இல்லியா?"

பௌதிகம் படித்த நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன்.

நாங்கள் கிளம்பும்போது அதிகாரி வாசல் வரை வந்தார். அந்த ஆணியை அக்காவின் உள்ளங்கையில் வைத்து, மராத்தியில், என் காதிலும் விழும்படி சொன்னார்: "தாயி, அடுத்த தடவையும் வைங்க. எந்தப் பெட்டின்னு மட்டும் எங்களுக்குச் சொல்லாதீங்க." தாயி என்றால் மராத்தியில் அக்கா.

அதற்குப் பிறகு பல வருஷங்கள் எங்கள் சரக்கு கடல் தாண்டியது. கொட்டகை போய்ப் பெரிய இடம் வந்தது, வேலைக்குப் பெண்கள் வந்தார்கள். ஒவ்வொரு சரக்கோடும் அக்கா பட்டுப்புடவையில் டெம்போவில் போவார். நான் கேட்டாலும் எந்தப் பெட்டி என்று சொல்ல மாட்டார். மிஷினுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஊதல் அடித்ததும் கூடையிலிருந்து தன் ஆணியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, மெக்கானிக்கிடம் "அச்சா, இப்ப சாய் குடு" என்பார்.